வாய் திறந்த படம்

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்ன அன்று, நாங்கள் இருவரும் ரயிலில் தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லாவரம் போனது, குரோம்பேட்டை போனது. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டிய பிறகு அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே, ஆபரேஷன் ஜனவரியில்தானே, அப்படியானால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸில் பாடிவிடலாம் என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலை போகிற விஷயம் பேசிவிட்டு வருகிறோம், இவளுக்குக் கேரல் சர்வீஸ். தொண்டையில் இருப்பது சாதாரணக் கட்டி அல்ல, பேசுவதையே குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கத்தினேன். எதிர் சீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தில் இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு ஒரு படம் எடுத்துக் குடு. நிக்க வெச்சு இல்ல, பாடும்போது. நான் பாடினேன்னு ஒரு அத்தாட்சி வேணும்."

பக்கத்துக் காலேஜில் யாரிடமாவது டேப் ரிக்கார்டர் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்தக் கரகரப்பையா பிடித்து வைக்கப்போகிறாய் என்று கேட்டாள்.  அந்த வருஷம் முழுக்க அவள் குரலில் மணல் விழுந்துகொண்டே இருந்தது. காலையில் இருக்கும் குரல் சாயங்காலம் இருக்காது. படத்தில் அது தெரியாது. அவள் கணக்கு அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். அம்மா பாலர் வகுப்பு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நான் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஒரு பாட்டும் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, நிறம் கம்மி என்று பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துகொண்டு போனவர்கள். அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விட்டுவிடுகிறேன். அக்காவுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பாடும் கொயரும்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள்தான் எங்கள் சபையின் முதல் குரல்.

எனக்குக் கிடைத்தது கேமரா. ரங்கூனிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மாமா கொண்டுவந்த ஒரே நல்ல பொருள் அது. இரண்டு லென்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டு ஃபிலிமை நானே கழுவுவேன், நானே பிரிண்ட் போடுவேன். ஊரில் என்னைப் போட்டோ டீச்சர் என்பார்கள். பாராட்டாகச் சொல்கிறார்களா, கிண்டலா என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் கோவிலில், அதாவது சர்ச்சில், ஃபிளாஷ் கூடாது. ஒரு கல்யாணத்தில் பல்பு வெடித்து மணப்பெண்ணின் முக்காட்டு நெட்டுக்குள் கண்ணாடித் தூள் விழுந்ததிலிருந்து சபையின் போதகர் ஐயர் தடை போட்டுவிட்டார். தடை இல்லாவிட்டாலும் நான் போட்டிருக்க மாட்டேன். கேரல் சர்வீஸில் மின்விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கொயர் முழுவதும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே வாசலிலிருந்து நடந்து வரும். அதில் ஃபிளாஷ் அடித்தால் ஆளெல்லாம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி வருவார்கள். மெழுகுவர்த்தி எரிந்ததா அணைந்ததா என்றே தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

ஆனால் ஃபிளாஷ் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க, என் கேமராவுக்குக் கால் விநாடி வேண்டும். கால் விநாடி என்பது சொல்லத்தான் சின்னது. அதற்குள் பாடுகிறவள் தலையை அசைத்து, இமையை மூடித் திறந்து, புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுவாள். படத்தில் முகம் இருக்கும் இடத்தில் ஒரு புகை இருக்கும். பீர்க்கன்கரணையில் ஓர் அம்மன் கோவில் திருவிழாவில், கூட வேலை பார்த்த டீச்சர் கூட்டிப் போனதால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாதஸ்வரக்காரரை எடுத்துப் பழகியிருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். வாசிக்கிறவர் எவ்வளவு ஆடினாலும் எங்கேயாவது ஓர் இடத்தில் நிற்பார். நீண்ட சுரத்தில் மூச்சைக் கட்டும்போது உடம்பு தானாக நின்றுவிடும். அந்த இடம் எப்போது வரும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். வந்த பிறகு அழுத்தினால் போய்விடும்.

ஃபிலிமும் வேண்டும். நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாதாரண ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்கே அலுத்துக்கொள்ளும். வேகமான வெளிநாட்டு ஃபிலிமுக்காகப் பர்மா பஜாருக்குப் போனேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கல்யாணமாம்மா? அதுக்கு இன்னாத்துக்கு இது? ஃபிளாஷ் போட்டா முட்ஞ்சிபோச்சு. இத்த வாங்கிகினு போயி படம் வரலன்னு வந்து நிக்காத, பேஜாராப் பூடும்."

வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லி இரண்டு ரோல் வாங்கினேன். பழைய சரக்கு. பெட்டியில் போட்டிருந்த காலக்கெடு முடிந்துபோயிருந்தது. வேறு வழியில்லை.

நவம்பர் கடைசியிலிருந்து கொயர் பயிற்சிக்கு நானும் போக ஆரம்பித்தேன். எனக்குப் பாட்டு வராது. கூட்டத்தோடு பாடும்போது வாயை மட்டும் அசைக்கிற சாதி நான். ஆனால் அக்கா எந்த அடியில் எப்படி நிற்பாள் என்று கவனித்தேன். அவள் பாடும்போது இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்வாள். கடைசிப் பாட்டில் அவளுக்கென்று ஒரு தனி அடி. அதன் முடிவில் ஒரு மேல் சுரம், நீளமாக நிற்க வேண்டும். அங்கே ஆர்கனையும் நிறுத்திவிடுவது எங்கள் கொயர் மாஸ்டரின் வழக்கம். அந்தச் சுரத்தில் அக்கா கல்லாக நிற்பாள். கண் மூடாது. புருவம் மட்டும் கொஞ்சம் ஏறும். அவள் மூச்சு இழுக்கும்போது நானும் இழுத்து, அவள் நிறுத்தும்போது நானும் நிறுத்திப் பழகினேன். என் மூச்சும் அடங்கினால்தானே கை அசையாது.

மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. ஆராதனையா, போட்டோ ஸ்டுடியோவா என்று அக்காவின் காதில் விழுகிற மாதிரி கேட்டார். அந்த அடியை வேறு சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்றும் அவருக்கு எண்ணம் இருந்தது. பயிற்சியில் இரண்டு தடவை அக்காவின் குரல் அந்தச் சுரத்தில் உடைந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஆர்கனை நிறுத்துவதுதான் காரணம் என்று நான் அக்காவுக்காக அவரிடம் சண்டை போட்டேன். அக்கா என்னை வெளியே அனுப்பிவிட்டு, தானே அவரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. அந்த அடி அவளிடமே இருந்தது. 

அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. பாடிப் பாடித்தான் தொண்டையில் இது வந்தது என்று அவள் நம்பினாள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து அப்படி இல்லை என்று சொன்ன பிறகும் நம்பினாள். சர்வீஸுக்கு முந்தின வாரம் அக்கா பேச்சையே நிறுத்தினாள். ஆபீஸில் லீவு. வீட்டில் கைஜாடை. குரலைச் சேர்த்து வைக்கிறாளாம். அம்மா சமையலறையில் நின்று, இனிமேல் பேசாமல் இருக்கப்போவதற்கு இப்போதே ஒத்திகையா என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா எழுந்து போய் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

கேரல் சர்வீஸ் அன்று மழை. கோவிலுக்குள் ஈரச்சேலை வாடையும் மெழுகு வாடையும். நான் முதல் பெஞ்சின் ஓரத்தில், முன்னாலிருந்த பலகையில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்திருந்தேன். விளக்குகள் அணைந்தன. வாசலில் பாட்டு தொடங்கியது. வெள்ளைச் சேலையில் இரண்டிரண்டு பேராக நடந்து வந்து பீடத்துக்கு முன் நின்றார்கள். அக்கா முன் வரிசையில், எனக்கு மிக அருகில். வர்த்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். வெளிச்சம் கீழிருந்து ஏறி அவள் தாடையில், உதட்டில், வாய் திறக்கும்போது வாய்க்குள்ளேயும் விழுந்தது. இது நான் எதிர்பாராதது. அவள் பாடுவதை அப்படியே உள்ளே பார்க்க முடிந்தது.

நடுவில் சில படங்கள் எடுத்தேன். எல்லாம் புகையாகத்தான் வரும் என்று எடுக்கும்போதே தெரியும். பயம்தான் என்னை அழுத்த வைத்தது. கடைசிப் பாட்டு வந்தது. அக்காவின் குரல் அன்று நன்றாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். கரகரப்பு இல்லை. ஒரு வாரம் சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்துச் செலவழித்தாள். எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தனி அடி வந்தது. ஆர்கன் நின்றது. அவள் மூச்சு இழுத்தாள், நானும் இழுத்தேன். புருவம் ஏறியது, வாய் திறந்தது.

சத்தம் வரவில்லை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். குரல் உடையவில்லை, கரகரக்கவில்லை. ஒன்றுமே வரவில்லை. மழைச் சத்தம் கேட்டது. அவள் அசையாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். அவ்வளவு அசையாமல் அவள் எந்தப் பயிற்சியிலும் நின்றதில்லை. என் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. இத்தனை நாள் மூச்சைப் பிடித்துப் பழகிய கை காதைக் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த நொடி பின் வரிசைப் பெண்கள் அந்தச் சுரத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆர்கனும் சேர்ந்துகொண்டது. சபையில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அக்கா மீதிப் பாட்டுக்கு வாயை அசைத்தாள். எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும்.

ஃபிலிமைக் கூடுதல் நேரம் மருந்தில் வைத்துக் கழுவினேன். எதிர்பார்த்தபடி மற்றதெல்லாம் புகை. அந்த ஒன்று மட்டும் ஊசி முனையாக வந்திருந்தது. இமை மயிர் தெரிந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கீழ்ப் பல் வரிசையும் அதற்குப் பின்னால் நாக்கும் தெரிந்தன. அதை அவளிடம் காட்டுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். அவளே கேட்டாள். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வெகுநேரம் பார்த்தாள். அதற்குள் அவள் குரல் காற்றாகியிருந்தது. பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

"இது சத்தம் வராத இடம்தானே? ஆனா பாரேன், படத்துல தெரியல. பாடற மாதிரிதான் இருக்கு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிரிண்டைத் தன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். அந்த வார்த்தைக்கு ஆஸ்பத்திரியில் வேறு பொருள். கழுத்தின் அடியில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் இனி மூச்சு. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். இருமினால் அந்தத் துணி நனையும். குழம்பு தீய்ந்தால் வாசனை தெரியாது, காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. எங்களைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரால் கட்டிலைத் தட்டுவாள். இரவில் அந்தத் துவாரத்திலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் அம்மாவும் படுத்திருப்போம். நின்றால் எழுந்து உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்தாள். கொயரில் அல்ல, எங்களோடு பெஞ்சில். பாட்டு வரும்போது எழுந்து நின்று புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள். பிரித்த பக்கத்தில் படம்தான் இருக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியபோது கட்டி வேறு இடத்தில் வந்தது. அதன் பிறகு நீளவில்லை. ஒரு விடியற்காலையில் மூச்சு வாங்கியது. நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது அம்மா எல்லாவற்றையும் முடித்திருந்தாள். கண்ணை மூடி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, தலையை வாரி விட்டிருந்தாள். சாயங்காலம் பெட்டியை மூடுவதற்கு முன் பாட்டுப் புத்தகத்தையும் உள்ளிருந்த படத்தையும் அவள் கைக்கு அடியில் நான்தான் வைத்தேன். அவளுடைய அத்தாட்சி, அவளோடு போகட்டும் என்று நினைத்தேன். நெகட்டிவ் என்னிடம் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த வருஷம் முழுக்க என்னால் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்ட முடியவில்லை.

முதல் வருஷ நினைவுக்கு வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். அக்கா தனியாக எடுத்துக்கொண்ட படம் என்று இருந்தது ஸ்கூல் பைனல் முடித்தபோது எடுத்தது ஒன்றுதான். இரட்டைச் சடை. அது ஆகாது என்றாள். நான் பிரிண்ட் போட்டுத் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அம்மா சரி என்றாள்.

அடுத்த வாரம் ஸ்கூல் விட்டு வந்தபோது மேஜைமேல் பேப்பர் சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்று இருந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா நெகட்டிவைத் தேடி எடுத்து, பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பேப்பரைப் பிரித்தேன். வெள்ளைச் சேலை, மெழுகுவர்த்தி, ஏறிய புருவம் எல்லாம் அக்காவுடையவை. வாய் மூடியிருந்தது. உதட்டோரத்தில் லேசாகப் புன்னகைகூட வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது. கழுத்து நரம்பையும் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் டச்சப் வேலைக்கு ஓர் ஆள் உண்டு. அம்மைத் தழும்பை எடுப்பார், மாறுகண்ணை நேராக்குவார். நினைவுப் படம் என்றால் கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். அது எழுதாத சட்டம். கண்ணாடிச் சட்டத்தோடு கூட ஒரு கவரில் நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வாயின் இருட்டு இருக்க வேண்டிய இடம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். அங்கே அந்த டச்சப் ஆள் பென்சில் கரியை நிரப்பியிருந்தார். பென்சிலை நான் துடைத்துவிடுவேன். ஆனால் பற்கள் இருந்த இடத்தைக் கத்திமுனையால் சுரண்டியிருந்தார். சுரண்டியது சுரண்டியதுதான்.

நெகட்டிவைக் கையில் பிடித்தபடி உள்ளே போனேன். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அவளிடம் அதுவரை அப்படிக் கத்தியதில்லை.

"அவ வாயை டாக்டர் ஒரு தடவை அடைச்சாரு. இப்ப நீங்க ரெண்டாவது தடவை அடைச்சிட்டீங்க."

அம்மா பாத்திரத்தை இறக்கி வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செத்தப்போ அவ வாய் திறந்திருந்துச்சுடி. என்னமோ சொல்ல வந்த மாதிரி. நீ டாக்டரைக் கூப்பிடப் போயிட்டே. நான் மூடினேன், மறுபடி திறந்துச்சு. மூடினேன், மறுபடி திறந்துச்சு. துணியை இறுக்கிக் கட்டி, அது நிக்கிற வரைக்கும் ரெண்டு கையால பிடிச்சுகிட்டே உக்காந்திருந்தேன். அதையே செவுத்துல மாட்டி வெச்சு, நான் தினம் பாக்கணுமா?"

அது சாவு முகம் இல்லை அம்மா, பாடுகிற முகம் என்று சொல்ல வந்தேன். ஆனால் அந்தப் படத்தில் அவள் பாடவில்லை என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் இனித் தெரியும். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. நான் ஒரு மாதம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து எடுத்தது அதைத்தான். அம்மா அந்த விடியற்காலையில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அதைத்தான்.

அம்மா முன்னறைக்கு வந்து, ஜன்னலுக்கு மேலே வேண்டாம், மழைச் சாரல் அடிக்கும், இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று இடம் காட்டினாள். சுத்தியலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். ஆணியை நான்தான் அடித்தேன்.